ஓராண்டு முழுவதும் உளி தீட்டியவர்

உங்கள் மகனைத் தச்சுத் தொழில் பழக ஓர் ஆசானிடம் சேர்க்கிறீர்கள். ஆறு மாதங்கள் கழித்து, "என்ன கற்றுக்கொண்டாய்?" என வினவுகிறீர்கள். "உளி தீட்டுகிறேன்" என்கிறான். உங்களுக்குக் கோபம் வராதா? சற்றே பொறுங்கள்!

உலகில் இன்றும் நிலைத்து நிற்கும் மிகப் பழைமையான மரக் கட்டடங்கள் ஜப்பானின் நாரா பகுதியில், ஹோரியூஜி எனும் புத்த ஆலயத்தில் உள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். பள்ளிச் சுற்றுலாவில் அவற்றைக் கண்டு வியந்த ஓகாவா மிட்சுவோ எனும் மாணவர், அக்கலையைக் கற்க உறுதி பூண்டார். ஆலயத் தச்சர் நிஷியோகா சுனேகசுவை நாடிச் சென்றார். வேலையில்லை எனத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் மனம் சோராமல் வேறிடங்களில் தொழில் பழகிக் காத்திருந்தார். 1969இல்தான் ஆசானின் வீட்டிலேயே தங்கிப் பயிலும் சீடரானார்.

ஆசானின் முதற்கட்டளை என்ன தெரியுமா? ஓராண்டுக் காலம் தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள் எதுவும் கூடாது; கருவிகளைத் தீட்டுவது ஒன்றே வேலை!

இதில் பொருள் உண்டு. மழுங்கிய இழைப்புளி மரத்தின் நார்களைக் கிழித்துவிடும். அப்பரப்பில் நீர் எளிதில் ஊறும். கூரிய அலகு சீவிய பரப்போ வழவழப்பாகி நீரை வழிந்தோடச் செய்யும். ஆசான் ஒருநாள் மரத்தை மெல்லியதாகச் சீவிக் காட்டினார். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. சீடர் அச்சீவலைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, அதைப்போல் வரும்வரை பழகினார்.

நிஷியோகாவும் இவ்வாறு வளர்ந்தவரே. மண்ணை அறிந்தால்தான் மரத்தை அறியலாம் என்று கருதிய அவருடைய பாட்டனார், அவரை வேளாண் பள்ளிக்கு அனுப்பினார். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தென்புறத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது அவர்களின் மரபு.

நிஷியோகாவின் சொந்தப் புதல்வர்கள் ஆலயத் தச்சர்களாகவில்லை. 1995இல் அவர் மறைந்தபோது அக்கலை அவரோடு முடிந்துபோயிருக்கலாம். முடியவில்லை! ஓகாவா 1977லேயே ஒரு பட்டறை நிறுவி, தம்முடன் தங்கிச் சமைத்து உண்டு பயிலும் இளைஞர்களை உருவாக்கத் தொடங்கியிருந்தார். ஜப்பானிய மரக் கட்டடக்கலையின் மரபுத் திறன்களை யுனெஸ்கோ 2020இல் தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெற்றோர்களே! பட்டறையிலிருந்து திரும்பும் மகனிடம், "எவ்வளவு கொண்டுவந்தாய்?" என்று கேட்குமுன், "உன் உளியைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கூர்மை ஏறியிருந்தால், அவன் காலத்தை வீணாக்கவில்லை.