கன்று உடனே எழுந்து நிற்கிறது. வயதான நமக்கு ஏன் தலை சுற்றுகிறது?

சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்த்த பெரியவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஈன்ற கன்று பின்கால்களைத் தூக்கி, தள்ளாடி விழுந்து, மறுபடி எழும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் மடியைத் தேடி நடந்துவிடும். கண் திறக்காமல் பிறக்கும் பூனைக்குட்டிக்கு அந்த அவசரம் இல்லை. விழும்போது உடலைத் திருப்பிக் காலூன்றும் வித்தை அதற்குச் சுமார் 6 வாரத்தில்தான் கைவரும். (சோதித்துப் பார்க்க யாரும் குட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்!)

இந்தச் சமநிலைக்கு முக்கியமான உறுப்பு உட்காதில் இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று வளைகுழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அருகிலுள்ள இரண்டு பைகளில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. தலை சாய்வதை அவை காட்டிக்கொடுக்கும். குழந்தை பிறக்கும்போதே இந்த உறுப்பு ஏறக்குறைய முழு அளவில் இருக்கும். ஆனாலும் கழுத்து நிற்க 3, 4 மாதம், நடக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆகிறது. தசை வலுப்பெற வேண்டும். காது, கண், பாதம் மூன்றும் சொல்வதைச் சேர்த்துப் புரிந்துகொள்ள மூளையும் பழக வேண்டும்.

வயதாகும்போது இந்த மூன்றுமே மங்கலாம். உட்காதின் உணர்வணுக்கள் குறையும், கண்ணில் புரை விழும், இனிப்புநீரால் பாதம் மரத்துப்போகும். இருட்டில் கண்ணின் உதவியும் போய்விடுவதால்தான் இரவில் கழிவறைக்குப் போகும்போது பலர் விழுகிறார்கள். சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். கட்டிலோரம் சற்று உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கைலியும் சேலையும் காலில் தட்டாமல் கட்டுங்கள்.

படுக்கையில் புரண்டால் மட்டும் சில விநாடிகள் அறையே சுற்றுகிறதா? அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி வளைகுழாய்க்குள் போயிருக்கலாம். அப்படியானால், மருத்துவர் உங்கள் தலையை முறையாகத் திருப்பியே பெரும்பாலும் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். “வயசானா இப்படித்தான்” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையாலும் தலை சுற்றலாம். அதை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

திடீர்த் தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கைகால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.