சொட்டாமல் ஒழுகும் குழாய்

25 வருடப் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்குகிறது. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் தொல்லை இல்லை. மெக்கானிக் 'டீசல் லைன் லீக்' என்கிறார். வண்டிக்கடியில் ஒரு சொட்டுகூடக் காணோமே, ஏமாற்றுகிறாரா?"

பெரும்பாலும் இல்லை. சொட்டு விழாததே அவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

டேங்க் தாழ்வாக இருக்கிறது. ஃபீட் பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே விரிசல் விட்டால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். காற்றின் பாகுத்தன்மை டீசலுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. டீசல் கசியவே முடியாத இடுக்கில் அது தாராளமாகப் போய்வரும்.

இளநீர் ஸ்ட்ராவில் குண்டூசியால் ஒரு ஓட்டை போட்டு உறிஞ்சிப் பாருங்கள். சட்டையில் ஒரு சொட்டு சிந்தாது. வாயில் பாதி காற்று வரும். உறிஞ்சுவதை நிறுத்தினால் ஏறிய நீர் மறுபடி காய்க்குள் இறங்கிவிடும். இரவெல்லாம் உங்கள் ஜீப்பில் நடப்பது அதுதான். கன்னம் ஃபீட் பம்ப், தொண்டை இன்ஜெக்‌ஷன் பம்ப், ஸ்ட்ராவில் சிக்கும் வழுக்கை டேங்க் கசடு, அதைத் தடுக்கும் பல் ஃபில்டர். இதற்குமேல் இழுத்தால் இளநீர்க்காரரே சிரிப்பார்.

சரி, கொஞ்சம் காற்று போனால்தான் என்ன? அழகே இங்கேதான் இருக்கிறது. பழைய வண்டிகளின் நாசில் திறக்க 100 முதல் 250 வளிமண்டல அழுத்தம் வரை வேண்டும். 200 என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு அமுக்கினாலும் டீசல் சுமார் ஒரு சதவீதம்தான் சுருங்கும். அதனால் பம்பின் பிளஞ்சர் கொடுக்கும் தள்ளு அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். காற்றோ ஏறத்தாழ 200-ல் ஒரு பங்காகச் சுருண்டுவிடும். ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவை போகும் டீசல், ஐடிலிங்கில் ஒரு முழுச் சொட்டுகூட இல்லை. கடுகளவு குமிழி நாலைந்து சேர்ந்தால் போதும், பிளஞ்சரின் உழைப்பு முழுவதும் அதை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பிளஞ்சர் பின்வாங்கியதும் குமிழி பழையபடி உப்பிக்கொள்ளும். நாசில் திறக்கவே திறக்காது.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேடிக்கை: 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினில் எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளியதே அழுத்தக் காற்றுதான். 1927-ல் பாஷ் நிறுவனத்தின் பம்ப் தொடர் உற்பத்திக்கு வந்த பிறகு, அதே காற்று டீசல் லைனுக்கு எதிரியாகிவிட்டது.

"பிஎஸ்-6 டீசல் வந்ததிலிருந்து பழைய வண்டியெல்லாம் காலி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் கால்வாசி உண்மை உண்டு. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் அரோமேட்டிக் சேர்மங்களும் குறையலாம். அவற்றைக் குடித்து உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் அப்போது சுருங்கிக் கசியும். 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது சில வண்டிகளில் இது நடந்தது. வயதான ரப்பருக்கு மாற்று புது ரப்பர்தான். சீசாவில் விற்கும் 'அதிசயக் கலவை' விரிசலை அடைக்காது.

மெக்கானிக்கிடம், இன்ஜெக்‌ஷன் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி டியூபைத் தற்காலிகமாக மாட்டச் சொல்லுங்கள். குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும். பிறகு டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கலாம். டீசலுக்கென்றே செய்த ஹோஸ் போடுங்கள், தண்ணீர் டியூப் வேண்டாம். கழற்றிய இடத்தில் காப்பர் வாஷர் புதிதாக இருக்கட்டும். டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் பிசிறு பம்புக்குள் போகும். கடைசியாக ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை ஹேண்ட் பிரைமரை அமுக்கி ஏர் எடுக்க வேண்டும்.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும், இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேடி விரலை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்; காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.