பூட்டு வளர்த்த வியாபாரம்

வியாபாரிகளுக்குப் பொதுவாக ஓர் அபிப்பிராயம் உண்டு. சரக்குக் கொள்முதலுக்குப் போடும் பணம் முதலாம். கடைக்குப் பூட்டு வாங்கப் போடும் பணம் தண்டமாம். இரும்புப் பெட்டி, இரவுக் காவற்காரன், கணக்குத் தணிக்கை ஆகியவை லாபத்தைக் குறைப்பவையேயன்றிப் பெருக்குபவை அல்ல என்று அவர்கள் கருதுகிறார்கள். இக்காலத்திலோ கடையின் கணக்கும் கஜானாவும் கணிப்பொறிக்குள்ளும் செல்பேசிக்குள்ளும் குடிபுகுந்து விட்டன. அங்கும் காவல் வேண்டாமா என்று கேட்டால், "அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை" என்று பதில் வருகிறது. இந்த அபிப்பிராயம் எவ்வளவு தவறானது என்பதைக் காட்ட, நம் தேசத்தில் நம் கண்ணெதிரே நடந்த ஒரு சரித்திரம் இருக்கிறது.

2009-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி ரிஸர்வ் பாங்கியின் கட்டளை ஒன்று அமுலுக்கு வந்தது. இணையத்தின் வழியே கார்டைக் கொண்டு பணம் செலுத்துகிறவர், கார்டின்மேல் அச்சிட்ட எண்களைச் சொன்னால் மட்டும் போதாது. கார்டில் காணப்படாத வேறொரு ரகசியத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு சாவி போட்டது போலத்தான். அமெரிக்காவிலே இத்தகைய பொதுக் கட்டாயம் கிடையாது. ஆகவே வியாபார உலகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வாங்க வந்தவன் ரகசிய எண்ணுக்காகக் காத்திருக்கும்போதே மனம் மாறிப் போய்விடுவான் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஓ.டி.பி. வந்து சேருவதற்குள் ரயில் டிக்கெட்டு கைநழுவிப் போன அனுபவம் நம்மில் அநேகருக்கு உண்டல்லவா?

ஊபர் என்னும் அமெரிக்க வாடகைக் கார் கம்பெனி இந்தியாவுக்கு வந்தபோது இந்த இரண்டாவது சாவியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டது. பெங்களூரில் ஏறிப் பெங்களூரில் இறங்கியவரின் கட்டணம் அயல்நாட்டுப் பாங்கி வழியாக வசூலாயிற்று. 2014 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கி, யாருடைய பெயரையும் குறிப்பிடாமலே, இவ்வழக்கத்தைக் கண்டித்தது. உள்நாட்டு வியாபாரத்தின் பணம் உள்நாட்டுப் பாங்கி வழியாகவே, இரண்டு சாவியுடன் செல்ல வேண்டும் என்று கூறி, அக்டோபர் 31 வரை கெடுவும் வைத்தது. அந்தக் கம்பெனி இந்தியாவை விட்டுப் போய்விடவில்லை. அவ்வருஷமே ஓர் இந்திய ஸ்தாபனத்தின் பணப்பை வசதியுடன் கூட்டுச் சேர்ந்து, சட்டத்துக்கு உட்பட்டு, தொழிலைத் தொடர்ந்தது.

இரண்டு சாவிப் பழக்கம் ஜனங்களிடம் இவ்விதம் ஊறிய பிறகுதான், 2016-ல் யூ.பி.ஐ. பிறந்தது. இதை நடத்துவது, ரிஸர்வ் பாங்கியும் இந்தியப் பாங்கிகளின் சங்கமும் 2008-ல் தோற்றுவித்த தேசியப் பணப் பட்டுவாடாக் கார்ப்பொரேஷன். காய்கறிக் கடையில் ஒரு சதுரப் படத்தின் முன் செல்பேசியை நீட்டுகிறோமே, அந்த ஒரு கணத்துக்குள் நடப்பது சுவாரஸ்யமானது. முதன்முதலில் பதிவு செய்துகொண்ட நாளிலேயே அந்தச் செல்பேசியும், அதிலுள்ள ஸிம் எண்ணும், பாங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு விடுகின்றன. செல்பேசியே முதற் சாவி. நம் மனத்திலுள்ள ரகசிய எண் இரண்டாவது சாவி. ரகசிய எண்ணை மாத்திரம் திருடியவன் வேறொரு செல்பேசியிலிருந்து அதை உபயோகிக்க முடியாது. செல்பேசியை மாத்திரம் திருடியவனுக்கும் ரகசிய எண் தெரியாது. கடைக்காரருக்கோ நம் கணக்கு எண்ணும் தெரிய வேண்டியதில்லை; கார்டு எண்ணும் தெரிய வேண்டியதில்லை.

இதன் பலனைப் பாருங்கள். 2016 அக்டோபரில் யூ.பி.ஐ. மூலம் நடந்த பட்டுவாடாக்கள் சுமார் ஒரு லட்சம். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேல்! காவல் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாதவையானதும், இணையக் கட்டணம் மலிந்ததும், கடைக்காரருக்குத் தரகு இல்லாமற் போனதும் பெரிய காரணங்களே. ஆயினும், முன்பின் தெரியாத கடையில் நூறு ரூபாய் கொடுப்பதற்காகத் தன் பாங்கிக் கணக்கு முழுவதையும் பணயம் வைக்க வேண்டியிருந்தால், எந்தக் குடும்பஸ்தர் துணிந்திருப்பார்? தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் பெண்மணிக்கு இதனால் வாடிக்கை பெருகியதென்றால், அவர் ஒரு காசு செலவின்றிப் பெற்ற காவலும் அதில் பங்கு வகித்தது.

காவல் தவறிய இடங்களையும் சொல்ல வேண்டும். அதே 2016-ஆம் வருஷம் பிப்ரவரியில், வங்காள தேசத்தின் மத்திய பாங்கிக்குள் கணிப்பொறி வழியாகப் புகுந்த திருடர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றும்படி உத்தரவுகளை அனுப்பினார்கள். பெரும்பகுதி நின்று போயிற்று. 8 கோடி 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும், திருடர்கள் பெறுநரின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தபடியால், சந்தேகத்துக்கு உள்ளாகித் தப்பியது. எழுத்துப் பிழையால் இவ்வளவு பெரிய நன்மை விளைந்த வரலாற்றை, பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் மாணவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதே உசிதம்.

இரண்டு வருஷம் கழித்து, 1904-ல் தோன்றிய நம் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் பாங்கியிலும் இம்மாதிரி ஒரு முயற்சி நடந்தது. சுமார் 20 லட்சம் டாலருக்கு, துபாய், துருக்கி, சீனா ஆகிய மூன்று இடங்களுக்கும் பொய் உத்தரவுகள் போயின. அனுப்பிய பணத்துக்கு அத்தாட்சி அச்சாகும் இயந்திரத்தையும் திருடர்கள் முடக்கி வைத்திருந்தார்கள். எனினும் பாங்கி ஊழியர்கள் மறுநாள் கணக்கை ஒத்துப் பார்க்கையில் விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற தொகை வழியிலேயே மறிக்கப்பட்டுத் திரும்பியது. தினந்தோறும் கணக்கை ஒத்துப் பார்க்கும் பழைய பழக்கம் புதிய யுகத்திலும் கைகொடுத்தது.

இங்கிலாந்தில் கே.என்.பி. என்ற லாரிக் கம்பெனியின் கதை இதைவிடச் சோகமானது. 158 வருஷப் பழமையும் 500 லாரிகளும் உள்ள அந்த ஸ்தாபனத்துக்குள், 2023-ல், ஓர் ஊழியரின் எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் வழியாகத் திருடர்கள் புகுந்ததாகக் கருதப்படுகிறது. கணக்குகள் யாவையும் பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்டார்கள். கம்பெனி மூடப்பட்டது, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். லாரிகளும் இருந்தன, ஓட்டுநர்களும் இருந்தார்கள். யாருக்கு என்ன அனுப்ப வேண்டும் என்ற ஏடு மாத்திரம் இல்லை. கணக்குகளின் பிரதி ஒன்றை, இணையத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இடத்தில் வைத்து, அவ்வப்போது அதைத் திறந்து சரிபார்ப்பது இக்காலத்துக் காவலில் முக்கியமான அம்சம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

மற்றோர் அம்சம், தேவையற்றதைக் கையில் வைத்துக் கொள்ளாமை. 2022 அக்டோபர் முதல், இணைய வியாபாரிகள் வாடிக்கைக்காரரின் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீடே வைத்துக் கொள்ளலாம். திருடன் வந்தாலும் அவனுக்குக் கிடைப்பது அந்தக் கடைக்கு வெளியே செல்லாத ஒரு குறி. எண்ணைக் காப்பாற்றும் பொறுப்பிலிருந்து விடுபட்ட சிறு வியாபாரி தம் சரக்கைக் கவனிக்கலாம்.

திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதி செய்பவருக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வாங்குகிறவருக்கு அவர் பெயரிலேயே ஒரு பொய் மின்னஞ்சல் போகும்: "எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புக." சரக்குக் கப்பலேறிவிடும்; பணம் திருடனுக்குப் போய்விடும். கணக்கு எண் மாறினால் முன்பே தெரிந்த டெலிபோன் எண்ணில் பேசி உறுதி செய்துகொள்வது என்று, முதல் ஆர்டரின்போதே இரு தரப்பாரும் எழுதி வைத்துக் கொள்ளலாம். அவ்விதம் கேட்கிற வியாபாரியிடம் அயல்நாட்டாருக்கு மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. யூ.பி.ஐ.யில் ரகசிய எண் தேவைப்படுவது, பணம் கொடுப்பதற்கும் கணக்கின் இருப்பைப் பார்ப்பதற்குமே. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. "உங்களுக்குப் பரிசு வருகிறது, எண்ணைப் போடுங்கள்" என்று சொல்லி, உண்மையில் பணம் கேட்கும் சீட்டையே அனுப்பி ஏமாற்றியவர்கள் பலர். அதனால், தனி மனிதர் மற்றொரு தனி மனிதருக்கு இத்தகைய சீட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் தேதியோடு நிறுத்தும்படி கார்ப்பொரேஷன் உத்தரவிட்டது. வியாபாரிகள் அனுப்பும் சீட்டுக்குத் தடை விதிக்கவில்லை.