துவாக்குடி கொதிகலன் பட்டறைகளும் சீன இறக்குமதியும்

துவாக்குடி, திருச்சிராப்பள்ளி மாவட்டம் திருவெறும்பூர் வட்டத்தில், திருச்சி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொழில் நகரமாகும். அனல் மின் நிலையங்களுக்குத் தேவையான கொதிகலன் பாகங்களைச் செய்து தரும் சிறு, நடுத்தரப் பட்டறைகள் இங்கு நிறைந்துள்ளன. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சீனக் கொதிகலன்கள் இந்திய மின் நிலையங்களுக்குள் பெருமளவில் நுழைந்தன. இறக்குமதிக்கு வரி போட்டால் போன வேலை திரும்பி வருமா என்பது அமெரிக்காவில் இன்று அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி. துவாக்குடி அதற்கு 2012-லேயே ஒரு விடையைப் பார்த்துவிட்டது.

பெல் ஆலையும் துணைத் தொழில்களும்

பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் திருவெறும்பூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது தமிழகத்தின் தொழில் அமைச்சராக இருந்தவர் ஆர். வெங்கட்ராமன். ஆலையைச் சுற்றி வேறு பல நிறுவனங்களும் வளர்ந்தன. மண்டலப் பொறியியற் கல்லூரி (இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம்) 1964-இல் துவாக்குடியில் தொடங்கப்பட்டது. படைக்கலத் தொழிற்சாலையும் 1960-களில் வந்தது. 1970-களில் பெல் ஆலையோடு இணைந்து பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் உருவானது.

ஒரு கொதிகலனின் எல்லாப் பாகங்களையும் ஒரே ஆலைக்குள் செய்து முடிக்க இயலாது. 500 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலன், பல மாடிக் கட்டடத்தைவிட உயரமானது. அதைத் தாங்கும் தூண்கள், காற்றுக் குழாய்கள், சாம்பல் பிடிக்கும் அமைப்புகள் என்று ஆயிரக்கணக்கான டன் இரும்பு வேலை அதில் உண்டு. எளிய பாகங்களை வெளியே செய்யக் கொடுக்கும் வழக்கம் இதனால் வந்தது. துவாக்குடி, வாழவந்தான்கோட்டை, அரியமங்கலம், புதுக்கோட்டை மாவட்ட எல்லையிலுள்ள மாத்தூர், மண்டையூர் ஆகிய இடங்களில் பட்டறைகள் பெருகின. உச்சத்தில் அவற்றின் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது.

இப்பட்டறைகளின் கணக்கு எளிமையானது. இரும்புத் தகட்டையும் குழாயையும் பெல் தரும். பட்டறை அதை வரைபடத்தின்படி வெட்டி, வளைத்து, பொருத்தி, பற்றவைத்து, தேய்த்து, சாயம் பூசித் திருப்பித் தரும். கூலி டன் கணக்கில். வரைபடம் பெல்லுடையது, மூலப்பொருளும் பெல்லுடையது. பட்டறைக்குச் சொந்தமானவை ஷெட், கிரேன், வங்கிக் கடன், ஆட்கள் ஆகிய நான்கும்தான். வாங்குபவர் ஒருவரே என்பதால் விற்பதற்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவரிடம் வேலை இல்லையென்றால் போவதற்கு வேறு வாசலும் இல்லை.

இத்தொழிலின் உயிர்நாடி பற்றவைப்பாளர். உயர் அழுத்த நீராவி செல்லும் குழாயில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் மின் நிலையம் நிற்க வேண்டிவரும். ஆகவே அழுத்தப் பாகங்களில் கைவைக்கும் வெல்டர், இந்தியக் கொதிகலன் விதிகள் 1950-இன்படி தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும். எழுதுவது பேனாவால் அன்று. சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்து, அந்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வரும் இளைஞர், கிரைண்டர் பிடிப்பதில் தொடங்கி அந்த நிலைக்கு உயரப் பல ஆண்டுகள் ஆகும்.

சீனக் கொதிகலன்கள் வந்த காரணம்

சீனப் பொருள் மலிவு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஏன் மலிவு என்பதே மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 2006-ஆம் ஆண்டில் மட்டும் சீனா சுமார் 100 கிகாவாட் மின் உற்பத்தித் திறனைப் புதிதாகச் சேர்த்தது. இந்தியா விடுதலை பெற்றதிலிருந்து 2007 வரை சேர்த்துவைத்திருந்த மொத்தத் திறனே சுமார் 130 கிகாவாட்தான். ஷாங்காய், ஹார்பின், டோங்ஃபாங் ஆலைகள் ஒரே வடிவமைப்பை மீண்டும் மீண்டும் செய்தன. திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒன்றின் அடக்கவிலை குறைகிறது. கூடவே சீன வங்கிகள், கருவி வாங்குபவருக்குக் கடனும் தந்தன. 2010-இல் ரிலையன்ஸ் பவர் நிறுவனம் 660 மெகாவாட் அலகுகள் 36 வாங்க ஷாங்காய் எலக்ட்ரிக் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் சீன வங்கிக் கடனுக்கும் இடமிருந்தது. அத்தனை அலகுகளும் பிறகு நிறுவப்படவில்லை என்பது வேறு.

இந்திய அரசின் விதியும் உதவியது. 1,000 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள பெருந்திட்டங்களுக்குக் கருவிகள் இறக்குமதி செய்யச் சுங்கவரி இல்லை. மற்றவற்றுக்கு 5 விழுக்காடு. உள்நாட்டு ஆலையோ உள்ளூர் வரிகளையும் கூடுதல் வட்டியையும் சுமந்தது.

பெல் பக்கமும் குறை இருந்தது. 2007 வாக்கில் அதன் ஆண்டுத் திறன் 10,000 மெகாவாட். நாட்டின் தேவை அதைவிட வேகமாக ஓடியது. ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்ததால், தனியார் முதலீட்டாளர்கள் சீனா பக்கம் திரும்பினர். துவாக்குடியிலிருந்து காவிரியில் மேலே போனால் வரும் மேட்டூரிலேயே, அனல் மின் நிலையத்தின் 600 மெகாவாட் விரிவாக்கத்துக்கு டோங்ஃபாங் கருவிகள் வந்து இறங்கின. திட்டத்தைக் கட்டியது சென்னையைச் சேர்ந்த பி.ஜி.ஆர். எனர்ஜி நிறுவனம்.

விந்தை என்னவென்றால், அந்த ஆண்டுகளில் துவாக்குடியில் யாரும் வேலை இழக்கவில்லை. பெல்லின் ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்தது. பட்டறைகளில் மூன்று ஷிப்ட் ஓடியது. வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். வங்கிக் கடன் வாங்கி ஷெட்டை நீட்டியவர்கள் பலர். 2011-12-இல் பெல்லின் நிகர லாபம் 7,040 கோடி ரூபாய். இறக்குமதி அன்றைய வேலையைப் பறிக்கவில்லை. நாளைய வேலையைத்தான் முன்கூட்டி எடுத்துக்கொண்டது. நாட்டுக்குத் தேவையான மின் நிலையங்கள் ஒரு கணக்குக்குள் அடங்குபவை. அவற்றில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கொதிகலன்கள் நிரப்பிவிட்டால், பின்னால் வரவேண்டிய ஆர்டர் அந்த அளவு குறையும்.

2012-இன் வரி

உள்நாட்டு ஆலைகளின் முறையீட்டை ஆராய்ந்த திட்டக்குழு உறுப்பினர் அருண் மைரா தலைமையிலான குழு, 2010-இல் 14 விழுக்காடு வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. மின் நிலையம் கட்டுவோர் எதிர்த்தனர். கருவி விலை ஏறினால் மின் கட்டணமும் ஏறும் என்பது அவர்கள் வாதம். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இறுதியில் 2012 ஜூலையில் மத்திய அமைச்சரவை, பலவகை வரிகளையும் சேர்த்து 21 விழுக்காடு விதிக்க ஒப்புதல் தந்தது. பரிந்துரையைவிட இது அதிகம். ஆயினும் ஏற்கெனவே பெருந்திட்டத் தகுதி பெற்றவற்றுக்கு விலக்கு இருந்ததால், சீனக் கருவிகள் மேலும் சில ஆண்டுகள் வந்துகொண்டேயிருந்தன.

வரி வந்தது, வேலை வரவில்லை. 2012–17 பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அனல் மின் இலக்கு 72,340 மெகாவாட். உண்மையில் சேர்ந்தது 91,730 மெகாவாட். மின் தேவை அந்த அளவுக்கு வளரவில்லை. 2009-10-இல் அனல் மின் நிலையங்கள் தம் திறனில் சுமார் 77 விழுக்காடு இயங்கின, 2016-17-இல் சுமார் 60 விழுக்காடுதான். இருக்கும் நிலையமே அரைகுறையாக ஓடும்போது புதியதை யார் கட்டுவார்கள்? 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 2018-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, கடனில் தத்தளிக்கும் 34 அனல் மின் திட்டங்களைப் பட்டியலிட்டது. அவற்றின் மொத்தத் திறன் சுமார் 40,000 மெகாவாட். இதற்கிடையே சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டது. அதற்கான தகடுகளும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வந்தன.

உள்நாட்டிலும் போட்டி கூடியிருந்தது. ஹசீராவில் எல் அண்ட் டி – மிட்சுபிஷி கூட்டு ஆலை, மகாராஷ்டிரத்தின் சிர்வாலில் தெர்மாக்ஸ் – பாப்காக் ஆலை எனப் பல புதிய கொதிகலன் ஆலைகள் எழுந்தன. பெல்லும் தன் திறனை 2012-க்குள் 20,000 மெகாவாட்டாக உயர்த்தியது. 2013 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் அதன் குழாய் ஆலையைப் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதாவது ஆலைகள் பெருத்து நின்ற வேளையில் ஆர்டர் வற்றியது. 2020-21-இல் பெல்லின் நட்டம் 2,700 கோடி ரூபாயைத் தாண்டியது.

பெரிய நிறுவனம் நட்டத்தைக் கணக்கில் காட்டிக் காத்திருக்கலாம். டன் கூலிக்கு உழைக்கும் பட்டறை காத்திருக்க முடியாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடன் தவணையும் மின் இணைப்புக்கான நிலைக்கட்டணமும் கட்ட வேண்டும். பல பட்டறைகள் வாராக்கடன் பட்டியலில் சேர்ந்து மூடப்பட்டன. தாக்குப்பிடித்தவை ரயில்வே, காற்றாலைக் கோபுரம், பாதுகாப்புத் துறை என்று வேறு வேலைகளைத் தேடின. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சான்று பெற்ற வெல்டர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். அங்கே எண்ணெய்க் குழாய் வேலைக்கு அதே கைத்திறன்தான் தேவை.

அமெரிக்காவோடு ஒப்பீடு

அமெரிக்காவில் 2000-இல் தொழிற்சாலை வேலையில் இருந்தோர் சுமார் 1.73 கோடி பேர். 2010-இல் அது 1.15 கோடியாகச் சரிந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது ஒரு காரணம், எந்திரமயமாதல் இன்னொன்று. 2018-இல் எஃகுக்கு 25 விழுக்காடு வரியும் சீனப் பொருள்கள் பலவற்றுக்குத் தனி வரியும் விதிக்கப்பட்டன. 2022-இல் சில்லு ஆலைகளுக்கு மானியச் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை 1.3 கோடியைத் தொடவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 பேருக்கு வேலை தருவதாக 2017-இல் அறிவித்த ஃபாக்ஸ்கான், 2021-இல் அதை 1,454 என்று திருத்திக்கொண்டது. அதே ஃபாக்ஸ்கான் சீனாவுக்கு வெளியே ஐபோன் இணைக்கப் பெருமளவில் ஆள் எடுத்த ஊர்களுள் ஒன்று திருப்பெரும்புதூர். சீனாவை விட்டுக் கிளம்பும் வேலை, முதலில் அது புறப்பட்ட நாட்டுக்கே போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

2020-க்குப் பின்

2020-இல் எல்லை மோதலுக்குப் பிறகு, இந்தியாவோடு நில எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் அரசுக் கொள்முதலில் பங்கேற்க முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் திருப்பத்தைக் கொண்டுவந்தது இந்த விதி மட்டுமன்று. மின் தேவை மீண்டும் வேகமாக ஏறியது. 2031-32-க்குள் குறைந்தது 80,000 மெகாவாட் அனல் மின் திறன் கூடுதலாகத் தேவை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2024-25-இல் பெல் பெற்ற ஆர்டர்களின் மதிப்பு சுமார் 92,500 கோடி ரூபாய், அதன் வரலாற்றிலேயே அதிகம். தமிழ்நாட்டில் உடன்குடி, எண்ணூர், வட சென்னை மூன்றாம் நிலை ஆகிய திட்டங்களும் பெல் வசமே உள்ளன.

ஆக, வரியால் வராத வேலை, தேவையால் வரத் தொடங்கியது. வந்த இடத்தில் எல்லாம் பழையபடி இல்லை. 2012-இல் 49,000-ஐ ஒட்டியிருந்த பெல்லின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை இப்போது 30,000-க்கும் கீழ். மூடிய ஷெட்டைத் திறக்க வங்கி எளிதில் மறுகடன் தராது. வளைகுடா ஊதியம் பார்த்த வெல்டரை டன் கூலிப் பட்டறை திரும்ப அழைப்பது கடினம். அவருக்குக் கீழே கிரைண்டர் பிடித்துப் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை, ஆர்டர் இல்லாத ஆண்டுகளில் பட்டறைக்குள் நுழையவே இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் இன்று சேரும் மாணவர் அழுத்தப் பாக வெல்டராகத் தேறும் வேளையில், இப்போது கையிலுள்ள ஆர்டர்களில் ஒரு பகுதி முடிந்திருக்கும்.