விடுப்பு நாட்களில் படித்த கல்

கரூரை அடுத்த வேலாயுதம்பாளையத்தில், ஊரை ஒட்டி நிற்கிறது ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். வருகிறவர்களில் பெரும்பாலோர் படியேறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். வழியில் சற்று விலகிப் போனால் இயற்கையான குகைத்தளங்கள் உண்டு. உள்ளே, தலை வைக்கும் பக்கம் மட்டும் மேடாக விட்டுச் செதுக்கிய கற்படுக்கைகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்கிய இடம் இது. பாறையில் கோடு கோடாகச் சில எழுத்துகள்.

அந்த எழுத்துகளில் மூன்று தலைமுறைச் சேர மன்னர்கள் இருக்கிறார்கள் என்று 1965-இல் வாசித்துச் சொன்னவர் தொல்லியல் துறைக்காரர் அல்ல. வேதியியலும் சட்டமும் படித்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஐராவதம் மகாதேவன். ஒரு துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும் அந்தக் கல்வெட்டில், கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. சங்க நூலான பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபினர் இவர்கள் என்றார் மகாதேவன். புலவர்களின் பாட்டில் மட்டுமே வாழ்ந்த அரசர்களுக்குக் கல்லிலே சாட்சி கிடைத்தது. இதெல்லாம் அவர் அரசு வேலைக்கு நடுவே, விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் செய்த காரியம்.

1930 அக்டோபர் 2-இல் திருச்சி மாவட்டம் மண்ணச்சநல்லூரில் பிறந்தவர் மகாதேவன். 1954 முதல் ஆட்சிப் பணி. 1960-களின் தொடக்கத்தில், டெல்லியில் நிதி ஆலோசனைப் பிரிவில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம், தமிழகக் குகைகளில் உள்ள, பிராமி என்ற பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள் என்று சொன்னவர் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-லேயே காட்டியிருந்தார். ஆனாலும் அந்தப் பாதையில் தொடர்ந்து நடந்தவர்கள் மிகக் குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. வட இந்திய பிராமியில் எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு கோடு இருந்தால் அது நெடில். தமிழகக் குகைகளின் பழைய கல்வெட்டுகளில் அதே கோடு குறிலுக்கும் வரும். இதை அறியாமல் வாசித்தால் ‘மகன்’ என்பதே ‘மாகான’ என்று ஒலிக்கும். எந்த மொழி என்றே தெரியாமல் போகும். இந்த எழுத்துமுறையைக் காலவாரியாகப் படிப்படியாகப் பிரித்து ஒழுங்கு செய்ததுதான் மகாதேவனின் பெரும்பணி.

கல்வெட்டைப் படியெடுப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடிக்க வேண்டும். பிறகு மையை ஒற்றி ஒற்றி எடுத்தால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். ஆனால் பாறையின் வெடிப்பும் வெள்ளையாகத்தானே விழும்? உளியின் கோடு எது, வெயிலும் மழையும் போட்ட கோடு எது என்று கண்தான் முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான், அறுபது வயதைத் தாண்டிய பிறகும் மகாதேவன் மறுபடி மலை மலையாக ஏறினார். எழுத்துகளைப் பாறையிலிருந்தே நேராக வரைந்தெடுத்தார். தான் முன்பு தவறாக வாசித்தவற்றைத் தானே திருத்தினார்.

1966-இல் கருத்தரங்கு ஒன்றில் வைத்த கல்வெட்டுத் தொகுப்பு, 37 ஆண்டுகள் கழித்து, 2003-இல் பெருநூலாக வந்தது. ஹார்வர்டு கீழைத்தேய வரிசையின் 62-ஆவது நூல் அது. சென்னையின் க்ரியா பதிப்பகமும் சேர்ந்து வெளியிட்டது. அழகர்மலைக் குகைக்குக் கொடை கொடுத்த உப்பு வணிகனும், கொழு (ஏர்முனை) வணிகனும், அறுவை (துணி) வணிகனும், பொற்கொல்லனும் அதில் அரசர்களுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய தமிழகத்தில் எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை, சந்தைவரை வந்திருந்தது என்று அவர் சொன்னதற்கு இந்தப் பெயர்களே ஆதாரம்.

மகாதேவன் சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ந்தார். அந்த விஷயத்தில் என் கருத்து ஒன்று உண்டு. அதை அவர் படித்து முடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. திராவிட மொழி என்ற அவருடைய முடிவை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவருடைய பெரிய கொடை 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அட்டவணைதான். 417 குறியீடுகள், ஒவ்வொன்றும் எந்த முத்திரையில், எந்த இடத்தில், எதற்கு அடுத்து வருகிறது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அவருடைய கருத்தை ஏற்காதவரும் அதைப் புரட்டாமல் வேலை செய்ய முடியாது. கோப்பு எழுதிப் பழகிய கை அது. அடுத்து வரும் அதிகாரி தேடினால் கிடைக்கும்படி காகிதத்தை வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போகிற பழக்கம்.

ஆட்சிப் பணியிலிருந்து தாமாகவே ஓய்வு பெற்றார். 1987-இல், ஏ.என். சிவராமன் நெடுங்காலம் அமர்ந்திருந்த தினமணி ஆசிரியர் நாற்காலிக்கு வந்து 1991 வரை இருந்தார். வீட்டில் பெருந்துயரம் இருந்தது. மனைவியை இழந்தார், மகன் வித்யாசாகரையும் இழந்தார். மகன் பெயரில் கல்வி அறக்கட்டளை வைத்து, தன் சேமிப்பை அதற்குக் கொடுத்தார். பெற்ற பிள்ளையின் பெயரை அறக்கட்டளைப் பலகையில் எழுத நேர்ந்த தகப்பனின் மனத்தை நாம் அளக்க முடியாது. அதன் பிறகும் அவர் மேசையை விட்டு எழவில்லை என்பது மட்டும் தெரியும். 2007-இல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்க முன்னின்றார். வாழ்நாளெல்லாம் சேர்த்த ஆய்வுச் சேகரத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டார். 2009-இல் பத்மஸ்ரீ வந்தது. 2018 நவம்பர் 26-இல் சென்னையில் காலமானார். வயது 88.

அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு தேடிப்போன மலைகள் நம் ஊர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன: புகளூர் (ஆறுநாட்டார் மலை), மாங்குளம், அழகர்மலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டு எழுத்துக்குப் பக்கத்தில் நேற்று யாரோ கீறிய பெயர்களும் பெயின்டும் அங்கே கண்ணில் படக்கூடும். உங்கள் பிள்ளை ஆணியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பாறையில் எழுத்து மாதிரி எதையாவது கண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். ஒரு படம் எடுத்து உங்கள் மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.