தூரிகையை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தால் படித்தது வீணா?

(தொலைக்காட்சி கருத்துக்களத்தில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஓவியம், கிராஃபிக் டிசைன் என்று மூன்று வருடம் படித்த பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இனிமேல் நான் பாடப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? ஜொகூர்பாருவாக இருந்தாலும் குளுவாங்காக இருந்தாலும் நம் வீடுகளில் பதில் ஒன்றுதான். "அப்படியென்றால் இத்தனை நாள் படித்தது எதற்கு? பி.டி.பி.டி.என். கடனை யார் கட்டுவது?"

பெற்றோரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: துறை மாறினால் பழைய படிப்பு குப்பைக்குப் போய்விடும் என்ற எண்ணம். அது உண்மைதானா? ஓவியத்தில் தொடங்கிப் பாட்டில் பேர் வாங்கிய ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையை வைத்துப் பார்க்கலாம்.

யார் இந்த மாதங்கி?

எம்.ஐ.ஏ. என்ற பெயரை இளையோர் கேள்விப்பட்டிருப்பார்கள். இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். குடும்பத்தோடு இருந்த நாட்கள் குறைவு. போர் முற்றியதும் தாய் கலா பிள்ளைகளோடு இடம் மாறி மாறி வாழ்ந்தார். சில காலம் சென்னையிலும் இருந்தார்கள். 1986-இல் அகதிகளாக மீண்டும் லண்டன். அங்கே தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

மாதங்கி லண்டனின் பேர்போன சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படமும் காணொளிக் கலையும் படித்தார். 2001-இல் தன் முதல் ஓவியக் காட்சியை நடத்தினார். அட்டையில் உருவத்தை வெட்டி, அதன் மேல் வர்ணத்தைத் தெளிக்கும் ஸ்டென்சில் ஓவியங்கள் அவை. பளிச்சென்ற வர்ணங்களில் பனைமரமும் புலியும் போர்க்காட்சிகளும் இருந்தன. ஹாலிவுட் நடிகர் ஜூட் லாவும் ஓர் ஓவியத்தை வாங்கினார். ஆக, ஓவியத்தில் தோற்றுப் போய்ப் பாட வந்தவர் அல்ல இவர்.

கனடாப் பாடகி காட்டிய பெட்டி

அப்புறம் எப்படிப் பாட்டு வந்தது? எலாஸ்டிகா என்ற ஆங்கில இசைக்குழு 2000-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தவர் மாதங்கி. அதைத் தொடர்ந்து, அவர்களின் சுற்றுப்பயணத்தைக் கேமராவில் பதிவு செய்யவும் கூடவே போனார். அந்தப் பயணத்தில் தொடக்கக் கச்சேரி செய்தவர் பீச்சஸ். கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்தவர். சிறுவர்களுக்கு இசையும் நாடகமும் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்த ஆசிரியை. பெரிய வாத்தியக்குழு எதுவும் இல்லாமல், ஒரு தாளப் பெட்டியை வைத்துக் கொண்டு ஒற்றை ஆளாக மேடையை ஆட்டி வைத்தவர்.

ரோலண்ட் எம்.சி. 505 என்ற அந்தப் பெட்டியை மாதங்கிக்குக் காட்டி, நீயும் செய்து பார் என்று தைரியம் கொடுத்தவர் அவர்தான். வாத்தியம் படிக்காத மாதங்கி அந்தப் பெட்டியை வைத்தே பாட்டுக் கட்டக் கற்றுக் கொண்டார். 2003-இல் முதல் பாட்டு, 2005-இல் தந்தை பெயரில் 'அருளர்' ஆல்பம், 2007-இல் தாய் பெயரில் 'கலா' என்று வரிசையாக வந்தன.

பங்க் என்பது என்ன?

இங்கே பங்க் இசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பங்க் என்றதும் நமக்கு நிமிர்த்தி வைத்த தலைமுடியும் கிழிந்த ஜீன்ஸும்தான் ஞாபகம் வரும். அது வெளித்தோற்றம். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த இந்த இசையின் அடிப்படை எளிமையானது. கிதாரில் மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். பெரிய கம்பெனிக்குக் காத்திருக்க வேண்டாம். போஸ்டர், அட்டை, சட்டை எல்லாவற்றையும் கையாலேயே செய்து கொள்ளலாம்.

கையால் செய்வது என்றால் யார் முன்னால் வருவார்கள்? ஓவிய மாணவர்கள்தான். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் கச்சேரி 1975 நவம்பர் 6-ஆம் தேதி நடந்தது செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில். தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் படித்தது சென்ட்ரல் கலைக் கல்லூரியில். இந்த இரண்டு கல்லூரிகளும் 1989-இல் ஒன்றாக இணைந்தன. அப்படி உருவான கல்லூரியில்தான் பிறகு மாதங்கி படித்தார். கனடாவிலும் இதே கதைதான். டொராண்டோவின் ஆரம்பகால பங்க் குழுக்களில் ஒன்றான தி டயோட்ஸ், 1976-இல் ஒண்டாரியோ கலைக் கல்லூரி மாணவர்களிடையே பிறந்தது.

எம்.ஐ.ஏ.யின் பாட்டை அப்படியே பங்க் என்று சொல்லிவிட முடியாது. ராப், ஜமைக்கா தாளம், நடன இசை எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆனால் செய்யும் முறை பங்க் முறை.

ஓவியம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. ஸ்டென்சில் ஓவியத்தில் ஓர் உருவத்தை வெட்டி, அதையே பல தடவை, பல வர்ணத்தில் பதிப்பார்கள். இன்றைய இசையில் சாம்ப்ளிங் என்ற முறையும் ஏறக்குறைய அதுதான். பழைய ஒலித்துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் புதிய ஒலிகளை அடுக்குவார்கள். 2008-இல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறிய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடித்தளம், தி கிளாஷ் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்த துண்டு. அதன் மேல் துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம். வந்தேறிகள் பணம் பறிக்க வந்தவர்கள் என்று நினைப்பவர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. சொல்லை விடச் சத்தமே அங்கே படம் போட்டுக் காட்டுகிறது.

'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் ஒலிப்பது நம் உறுமி. காவடிக்கு முன்னால் உறுமி மேளம் அதிர்வதைக் கேட்டு வளர்ந்த ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தாளம் புதிதல்ல. கோயில் வாசலில் கேட்டதை உலக மேடைக்குக் கொண்டு போகலாம் என்று தோன்றியதுதான் புதிது. 2009-இல் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது.

வெற்றி மட்டுமா?

இல்லை. 2006-இல் அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் வந்தது. அதனால் இந்தியா, டிரினிடாட் என்று பல நாடுகளில் அலைந்து 'கலா'வைப் பதிவு செய்தார். ஈழப்போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்களுக்காகக் குரல் கொடுத்தபோது, புலிகளை ஆதரிக்கிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மனதில் பட்டதைச் சொல்லும் கலைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. சபா, ரானாவில் 2010-இல் தொடங்கிய பங்க்ரோக் சூலாப் குழு, பங்க் பாணியிலிருந்து மரச்செதுக்கு ஓவியத்துக்கு வந்தது. சூலாப் என்றால் வயல் குடிசை. வாங்காதே, நீயே செய் என்பது அவர்கள் கொள்கை. மை தடவிய மரப்பலகை மேல் துணியை விரித்து, ஆடி மிதித்துப் படம் எடுப்பார்கள். 2017-இல் கோலாலம்பூர் கண்காட்சி ஒன்றில் புகார் வந்ததால் அவர்களின் படைப்பு அகற்றப்பட்டது. ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

துறை மாறும் பிள்ளை எல்லாரும் எம்.ஐ.ஏ. ஆகிவிடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் "போகாதே" என்று தடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். படித்ததிலிருந்து எதைக் கூடவே எடுத்துக் கொண்டு போகிறாய்? பழகிக் கொள்ள உன்னிடம் எந்தக் கருவி இருக்கிறது? பாட்டு கைகொடுக்கும் வரை எந்த வேலை செய்து சாப்பிடுவாய்? மாதங்கியிடம் மூன்றுக்கும் பதில் இருந்தது. அட்டைப்பட வேலையும் கேமரா வேலையும்தான் அவரைப் பாட்டு இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போயின.

ஜொகூர்பாருவில் ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கையும் ஒரே கூரையின் கீழ் சொல்லித் தரும் அரசாங்கக் கலைப் பள்ளி இருக்கிறது. ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு உண்டு என்பதை அந்தப் பள்ளியின் அமைப்பே சொல்கிறது.

2019-இல் எம்.ஐ.ஏ.வுக்கு பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கங்களுக்கான ரிப்பனைப் பல வருடங்களாகக் கையால் தைத்தவர்களில் தன் தாயும் ஒருவர் என்றும், அவரைப் பெருமைப்படுத்தவே விருதை ஏற்பதாகவும் அவர் சொன்னார். பிள்ளை கற்ற எதுவும் வீணாகாது. பெற்றோர் பட்ட பாடும் அப்படித்தான். "பாடப் போகிறேன்" என்று பிள்ளை வந்து நிற்கும் நாளில் கதவைச் சாத்தாமல், உட்கார வைத்து அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.