கண்ணைப் படம் பிடித்தாச்சு... அப்புறம்?

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் இருக்கிறாரா? ‘‘கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குச் செக்கப்பு?’’ என்று அப்பத்தாவோ மாமாவோ சொல்லியிருப்பார்களே! அங்கேதான் ஆபத்து. சர்க்கரையால் விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும்போது வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் பெரும்பாலும் மங்காது. லேசரோ ஊசியோ பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருப்பது சீக்கிரம் கண்டுபிடித்தால்தான். பார்வை போன பிறகு வந்தால் டாக்டராலும் முழுதாக மீட்பது பெரும்பாலும் கஷ்டம்தான்.

வருஷம் ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டவேலைக்காரர் திண்டுக்கல் வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு! அதனால்தான் கேமராவை ஊர்ப்பக்கம் கொண்டுபோகிறார்கள். டெக்னீஷியன் படம் எடுப்பார். எங்கோ இருக்கும் டாக்டரோ, இப்போது கம்ப்யூட்டரோ பார்த்துச் சொல்லும்.

கம்ப்யூட்டர் சொல்வதை நம்பலாமா? அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் கூகுளின் கம்ப்யூட்டர் முறையைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. டாக்டரிடம் அனுப்பவேண்டிய பாதிப்பு உள்ள 100 பேரில் சுமார் 89 பேரை அரவிந்தில் அது சரியாகக் கண்டுபிடித்தது. மீதி 11 பேர்? தப்பிவிட்டார்கள். பயப்படாதீர்கள், அதே ஆய்வில் படம் பார்த்த மனிதர்கள் பிடித்தது 73-லிருந்து 90 வரைதான்!

ஆனால் ஆஸ்பத்திரியில் ஜெயித்த மெஷின் கிராமத்திலும் ஜெயிக்குமா? 2018-19-ல் தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களில் இதே முறையை வைத்துப் பார்த்தார்கள். அறையை இருட்டாக்க வழியில்லாத இடங்களில் படம் மங்கியது. ஐந்தில் ஒரு படத்தை ‘தெளிவில்லை’ என்று கம்ப்யூட்டர் திருப்பிவிட்டது. இன்டர்நெட் வேறு இழுத்தடித்தது. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சொன்னதும், அலைய முடியாதவர்கள் சலித்துக்கொண்டார்கள். மெஷின் மேல் தப்பில்லை. படத்துக்கு அப்புறம் என்ன என்பதுதான் பிரச்னை.

ஆகவே, உங்கள் ஊர் முகாமில் படம் எடுத்தால் சும்மா எழுந்து வந்துவிடாதீர்கள். ‘‘படம் தெளிவா விழுந்துச்சாம்மா? ரிசல்ட் எப்போ, யாரு சொல்லுவாங்க? கோளாறுன்னா எந்த ஆஸ்பத்திரி, என்னைக்கு வரணும்?’’ என்று கேளுங்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். ‘நார்மல்’ என்று வந்தாலும் அடுத்த வருஷம் மறுபடி பார்க்கணும். நடுவில் பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் திடீரென மிதந்தாலோ அடுத்த முகாம் வரை காத்திருக்கவே கூடாது.

இன்னொன்று... சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் மங்கலாகவே தெரியும். அன்றைக்கு டூவீலர் வேண்டாம், துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போங்கள்.